தலைமாட்டு விளக்கும் ரப்பர் வண்டும்

புதிதாகச் சேர்ந்திருக்கிறவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் அக்கா என்று நாகர்கோவில் அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். வேப்பெண்ணெயில் எவ்வளவு சோப்பு கரைக்க வேண்டும், எலி வரும் ஓட்டையை எதை வைத்து அடைக்க வேண்டும் என்றெல்லாம் எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். அதெல்லாம் உங்கள் போனிலேயே கிடைக்கிறது. நான் சொல்வதைவிட அழகாக, படம் போட்டே சொல்கிறார்கள். பூச்சி இருக்கிற வீட்டுக்குள் எப்படி நுழைய வேண்டும் என்பதில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

மருந்து அடிக்காமல் பூச்சியை விரட்டுகிற நம் வேலையில் ஒரு சங்கடம் இருக்கிறது. மருந்து அடிக்கிறவர் வந்துபோனால் வீடு முழுக்க நெடி அடிக்கும். வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டே, வேலை நன்றாக நடந்திருக்கிறது என்று திருப்திப்படுவார். நாம் போய் அடுப்படியை ஒழுங்குபடுத்தி, ஓட்டையை அடைத்து, குப்பைத் தொட்டியை இடம் மாற்றிவிட்டு வந்தால், "இதுக்கா ஒங்களக் கூப்பிட்டேன்? இத நானே செய்வேனே" என்பார். செய்வார்தான். செய்யாமல் இருந்ததால்தானே நாம் போக வேண்டி வந்தது? இந்தப் பேச்சை நீங்களும் கேட்பீர்கள். கோபப்படாதீர்கள். நான் நிறையக் கோபப்பட்டுப் பார்த்துவிட்டேன், ஒரு பிரயோஜனமும் இல்லை.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் நான் வளைகுடாவில் ஒரு ஆஸ்பத்திரியில் ஹவுஸ்கீப்பிங் பார்த்தேன். அங்கே எதையும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பழையதென்றால் தூக்கிப் போடு, அழுக்கென்றால் கழுவு, அவ்வளவுதான். அந்த மிதப்போடுதான் ஊருக்கு வந்து இந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். கடியப்பட்டணத்தில் ஒரு அம்மா அந்த மிதப்பை இறக்கிவைத்தார்.

அந்த வீட்டில் கரப்பான். பெரிய சாக்கடைக் கரப்பான் இல்லை, சுண்டுவிரல் நகத்தளவு இருக்கும் பழுப்புநிறச் சின்னக் கரப்பான். மருந்து அடித்தால் சில நாள் காணாமல் போய், திரும்பவும் வந்து நின்றதாம். ஸ்டூல் போட்டு ஏறி மேல்தட்டைப் பார்த்தேன். அட்டைப்பெட்டிகள். வளைகுடாவில் ஆள் இருக்கிற நம்மூர் வீடுகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். நைலான் கயிறு வரிந்து, டேப் சுற்றி, மேலே மார்க்கர் பேனாவால் பெயரும் ஊரும் எழுதிய பெட்டி. உள்ளே வந்த சோப்பும் பால்பொடியும் தீர்ந்துவிடும். பெட்டி மட்டும் தட்டின்மேல் ஏறி வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். அட்டையின் மடிப்புக்குள் கரப்பான் குடும்பம் குடும்பமாக வாழும்.

"இத மொத்தமாக் கீழ எறக்கிக் கொளுத்துங்க" என்றேன்.

"வேற எத வேணும்னாலும் எடுத்துக் களையுங்க. இதத் தொடாதீங்க" என்றார் அந்த அம்மா. "எம் மவன் எழுதுனது."

மகன் உயிரோடு, நன்றாகத்தான் இருந்தான். வாரம் தவறாமல் வீடியோவில் பேசுகிறவன். ஆனால் அவன் கையால் எழுதியது என்று அந்த வீட்டில் வேறெதுவும் இல்லை. இதற்கெல்லாம் பிடிவாதமா என்று எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது. வெளியே போய்க் கொஞ்சம் கடல்காற்று வாங்கிவிட்டுத் திரும்பி வந்து, ஒரு கத்தி கேட்டேன். ஒவ்வொரு பெட்டியிலும் பெயர் எழுதியிருந்த பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்து, உதறி, மொட்டைமாடி வெயிலில் பரப்பினேன். மீதியைக் கொளுத்தினோம். அந்த அம்மா வெட்டிய துண்டுகளை அடுக்கி அலமாரியில் வைத்துக்கொண்டார். கரப்பானும் போயிற்று. அன்றிலிருந்து, ஒரு வீட்டில் எதைக் களைய வேண்டும் என்று சொல்வதற்குமுன், எதைக் களைய முடியாது என்று கேட்டுக்கொள்வது எனக்கு வழக்கமாயிற்று.

இந்த வழக்கம் ஒரு தடவை என்னைக் காப்பாற்றியது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

நான் சுசீந்திரம் பக்கம் வயல்காட்டில் வளர்ந்தவள். எலி தெரியும், கறையான் தெரியும். ரப்பர் வண்டு தெரியாது. மேற்கே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் வேலைக்குப் போனபோதுதான் பார்த்தேன். கறுப்பு வண்டு, புளியங்கொட்டையில் பாதிகூட இருக்காது. தோட்டத்தில் உதிர்ந்து கிடக்கும் சருகுக்குள் பெருகும். கோடைமழை தொடங்கிச் சருகு நனைந்ததும், அந்தி நேரத்தில் மொத்தமாகக் கிளம்பிப் பக்கத்து வீடுகளுக்குள் வந்துவிடும். கடிக்காது, கொட்டாது. நசுக்கினால் மட்டும் ஒரு நீர் விடும். அது தாங்க முடியாத நாற்றம், தோலில் பட்டால் புண்ணாகும். வந்த வண்டு ஓட்டுக்கடியிலும் படத்துக்குப் பின்னாலும் மடித்து வைத்த துணிக்குள்ளும் கூட்டமாக ஒண்டிக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும். தூங்குகிறவர்கள்மேல் விழும். சோற்றில் விழும். மருந்து அடித்தால், சாகிற வண்டெல்லாம் அந்த நீரை விட்டுக்கொண்டே பொலபொலவென்று தலையில் கொட்டும். அடித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், இரண்டாம் தடவை அடிக்க மாட்டார்கள்.

இதற்கு ஒரு பலவீனம் உண்டு, வெளிச்சத்தைத் தேடித்தான் வரும். அதனால் அந்திக்கு வீட்டை இருட்டாக்கிவிட்டு, தூரத்தில் ஒரு விளக்கைப் போட்டு, அதன்கீழ் சோப்புத் தண்ணீர் வைப்பது நம் வழி. இது உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள்.

குலசேகரத்துக்கு மேலே, மலையடிவாரத்தில் ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர் பெயர் அனில். அப்பா இறந்ததற்காக வளைகுடாவிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். பதினாறாம் நாள் காரியமான அடியந்திரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் மழை பெய்து வண்டு வந்துவிட்டது. வந்த அன்றே பக்கத்து வீட்டுக்காரர் உதவி செய்வதாக நினைத்து ஒரு அறையில் மருந்து அடித்திருக்கிறார். அனிலின் சின்ன மகளுக்கு ஏற்கெனவே இழுப்பு உண்டு. அந்த நெடியில் மூச்சு முட்டி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மறுநாள் காலையில் நமக்குப் போன் செய்தார். நம் அலுவலகத்தில் போன் எடுக்கிற பெண் வழக்கமாகச் சொல்வதைத்தான் சொல்லியிருக்கிறாள்: "நாளைக்கு ஆள் வரும். அதுவரைக்கும் அந்திக்கு வீட்டு விளக்கு எல்லாத்தையும் அணைச்சு வையுங்க."

அடுத்த நாள் நானும் தாசனும் போனோம். தாசன் நம் வண்டியும் ஓட்டுவார், வயரிங் வேலையும் பார்ப்பார். ரோட்டிலிருந்து வீட்டுக்குப் போகிற வழி முழுக்க ரப்பர் மரங்கள். முற்றத்தில் பந்தல். வாசல் திண்டில் ஒரு ஸ்பிரேயரும், பிரிக்காத மருந்துக் குப்பிகளும் தயாராக இருந்தன. பக்கத்தில் அனில் நின்றிருந்தார். சரியாகத் தூங்காத முகம்.

"அக்கா, நீங்க என்னமும் செய்யுங்க. இன்னைக்கு அந்திக்கும் வண்டு வந்துதுன்னா இத நான் அடிச்சிருவேன். வீட்டுல உள்ளவள கொச்சுப்பிள்ளயயும் கொண்டு அவ வீட்டுக்குப் போகச் சொல்லியாச்சு."

"அம்மா?"

"அம்மா எங்கிட்டப் பேசல்ல. ஒங்க ஆபீசுல சொன்னதக் கேட்டுத்தான் நேத்து வெளக்க அணைச்சேன்."

என்ன விளக்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. உள்ளே போனதும் புரிந்தது.

நடு அறையில், அவருடைய அப்பாவைக் கிடத்தியிருந்த இடத்தில், தலைமாட்டில் ஒரு குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நாழியில் நெல், செம்பில் தண்ணீர். அனிலின் அம்மா சரோஜம் அக்கா அதன் அருகில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைவிடச் சில வயது மூத்தவர். எங்களைப் பார்த்ததும், காற்றுக்குத் திரியை மறைப்பதுபோல் விளக்கைச் சுற்றிக் கையை வைத்துக்கொண்டார்.

"நீங்களும் வெளக்க அணைக்கத்தான் வந்தியளா?"

நான் தரையில் உட்கார்ந்தேன். "நீங்க சொல்லாம ஒண்ணையும் தொடமாட்டோம் அக்கா" என்றேன்.

"பதினாறு முடியுகது வரைக்கும் இது அணையப்பிடாது. அவிய போற வழிக்கு இதுதான் வெளிச்சம். ராத்திரியும் பகலும் நாந்தான் வெளக்குக்கு எண்ண விட்டு இருந்தேன். நேத்து அந்திக்கு கொஞ்சம் கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா இருட்டு. பெத்த பிள்ள ஊதி அணைச்சிருக்கு." திரியைக் கொஞ்சம் தூண்டிவிட்டார். "அந்த இருட்டுல அவிய எங்கன நிக்காவளோ."

நாம் போனில் சொல்லும் ஒரு வாக்கியம், நன்றாக வேலை செய்கிற வாக்கியம், அந்த வீட்டில் ஒரு தாயையும் மகனையும் பிரித்துவிட்டது. அதற்குப் பிறகு அலுவலகத்தில் அதை மாற்றச் சொன்னேன். அணைக்க முடியாத விளக்கு ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் இப்போது மற்றதைச் சொல்கிறார்கள். நீங்களும் கேளுங்கள்.

வெளியே வந்தபோது மலையின்மேல் மேகம் கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது. அந்திக்கு மழை நிச்சயம். தாசன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அக்கா, வண்டு வாற நேரம் ஒரு மணிக்கூர்தானே. அந்த அம்மாவ பேச்சுக் குடுத்து அடுக்களைக்கிக் கூட்டிட்டுப் போங்க. அணைச்சிட்டுத் திருப்பிக் கொளுத்திரலாம். யாருக்குத் தெரியும்?"

"வாயை மூடு தாசா" என்றேன். அவர் கெட்டவர் இல்லை. மழை வருகிறது, குழந்தைக்கு மூச்சு முட்டுகிறது, வீட்டுக்காரர் கையில் மருந்துக் குப்பி. அப்படியொரு நெருக்கடியில் யாருக்கும் இந்த யோசனைதான் வரும். இதைச் செய்யாதீர்கள். ஒரு வீட்டில் ஏமாற்றி ஒரு வேலையை முடித்தால், அந்த வீட்டில் பிறகு நீங்கள் சொல்கிற எதையும் நம்ப மாட்டார்கள். அந்தப் பயம் மட்டுமல்ல, எனக்கு அவர் கை அந்தத் திரியை மறைத்தது கண்ணுக்குள் நின்றது. மனசு கேட்கவில்லை.

ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. தெரியாதபோது நான் அடுக்களைக்குப் போவேன். வீட்டில் என்ன நடக்கிறது என்று அங்கே இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். அனிலின் மனைவி அஜிதா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். குழந்தை மூச்சு விடும்போது விலா உள்வாங்கியது.

"நேத்து வெளக்கு அணைஞ்ச பெறவு வண்டு கொறஞ்சுதா மக்களே?" என்று கேட்டேன்.

"எங்கக்கா கொறைய? நேத்துதான் ஏராளம். மொத நாள விடக் கூடுதல்."

"வேற லைட்டு எதும் எரிஞ்சுதா?"

"வீட்டுக்குள்ள ஒண்ணுவிடாம அணைச்சாச்சு. இருட்டுலதான் இருந்தோம். வெளிய உள்ளத மட்டும் அணைக்கல்ல. அது வீட்டு லைட்டு இல்லல்லா, வழிக்கு உள்ளது."

நான் எழுந்து முற்றத்துக்குப் போய், வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. ரோட்டிலிருந்து வீடுவரை, ரப்பர் மரங்களில் வரிசையாக ட்யூப்லைட் கட்டியிருந்தது. நம் மாவட்டத்தில் மரணம் நடந்த வீட்டுக்கு வழிநெடுக ட்யூப்லைட் கட்டுவது புதிதில்லை. அதனால்தான் வரும்போது அது என் கண்ணில் ஒட்டவே இல்லை. எங்கேயும் பார்த்துப் பழகிய பொருளைத்தான் நாம் பார்க்கத் தவறுகிறோம். ரோட்டோரம் இருந்த முதல் மரத்தடிக்குப் போனேன். ட்யூப்லைட்டுக்கு நேர்கீழே செத்த வண்டுகள் ஒரு பிடி கிடந்தன. அடுத்த மரத்தடியில் இன்னும் கொஞ்சம் கூடுதல். வீட்டை நெருங்க நெருங்கக் குவியல் பெருத்தது. தோட்டத்திலிருந்து கிளம்பிய வண்டுக்கு மரம் மரமாக வழி காட்டி வாசல்வரை கொண்டுவந்து விட்டிருந்தது அந்த வெளிச்சம்.

சாதாரணமாக இந்த லைட்டெல்லாம் எலும்பு எடுக்கிற சஞ்சயனம் முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். இங்கே ஏன் இன்னும் இருக்கிறது என்று அஜிதாவிடம் கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பந்தல்காரரு கழத்த வந்தாரு. இவருதான் விடல்ல. பிளைட்டு லேட்டாயி, நாங்க வந்து சேருகதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுட்டு. அப்பா முகத்தப் பாக்கல்ல. அடியந்திரம் வரைக்கும் வழியில வெளிச்சம் கெடக்கட்டும்னு சொன்னாரு. அந்திக்கு வேற யாரையும் சுவிச்சப் போட விடமாட்டாரு, அவரேதான் போய்ப் போடுவாரு."

இனி நீங்கள் என் இடத்தில் இருந்து யோசியுங்கள். உண்மை என் கையில் இருக்கிறது. பந்தலில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அத்தனை பேர் முன்னால், வண்டைக் கொண்டுவந்தது அம்மாவின் விளக்கு இல்லை, உன் ட்யூப்லைட்தான் என்று நான் சொன்னால் வேலை சுலபமாக முடியும். சரோஜம் அக்கா பக்கம் நியாயம் வந்துவிடும். ஆனால் அப்பா முகத்தைக் கடைசியாகப் பார்க்காத ஒருவனிடம், அப்பாவுக்காக நீ செய்த ஒரே காரியம்தான் உன் குழந்தைக்கு மூச்சு முட்ட வைத்தது என்றும் அது ஆகிவிடும். அவர் உடைந்துபோகலாம், அல்லது கோபத்தில் குப்பியை உடைத்து அடித்துவிடலாம். சொல்லாமலும் இருக்க முடியாது. வானம் வேறு உறுமிக்கொண்டிருந்தது.

"அனில், ஒங்க தோட்டத்துக்க எல்லை எதுவரைக்கும்? கொஞ்சம் வந்து காட்டு" என்று கூப்பிட்டுக்கொண்டு போனேன். ஆள் இல்லாத இடம் வந்ததும் ஒரு மரத்தடியைக் காட்டினேன். அடுத்ததைக் காட்டினேன். மூன்றாவதற்கு அவரே குனிந்து பார்த்தார். தலையைத் தூக்கி ட்யூப்லைட்டைப் பார்த்தார். அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அப்பம் நானா அக்கா?"

"ஆமா மக்கா."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மழை, சருகு, விதி என்று எதையாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். அவர் கண்ணால் பார்த்துவிட்டதை நான் மறைத்தால், அவர் அதைத் தனியாகச் சுமக்க வேண்டியிருக்கும். அதனால் ஆமாம் என்றேன்.

"இத மொத்தம் அணைக்கணும். இல்லியா?" என்றார்.

"அணைக்காண்டாம். எடம் மாத்தணும். எவ்வளவு லைட்டு இருக்கோ அவ்வளவையும் தோட்டத்துக்க அந்தக் கோடியில கொண்டு கெட்டணும். வீட்டுப் பக்கம் ஒரு பொட்டு வெளிச்சம் தெரியப்பிடாது. ஒங்க அம்மாக்க வெளக்கு எரியும். ஒனக்க லைட்டும் எரியும்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்த வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. பந்தலில் இருந்த ஆண்களையெல்லாம் அவரே கூப்பிட்டார். தாசன் வயரைக் கழற்றிக் கொடுக்க, மற்றவர்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நனையாமல் இருக்க மேலே தார்ப்பாய் கட்டினோம். சோப்புத் தண்ணீர் வைக்க அகலமான பாத்திரம் வேண்டுமென்றபோது, அடியந்திரச் சமையலுக்கு வந்திறங்கிய உருளியை ஒருவர் தூக்கிவர, நல்லவேளையாக அஜிதா பார்த்துச் சத்தம் போட்டாள். கடைசியில் அனில் கொட்டகையைத் திறந்து, ரப்பர் பால் உறைய ஊற்றும் அலுமினியத் தட்டுகளை அடுக்கடுக்காக எடுத்துவந்தார். அப்பா கடைசியாகக் கழுவிக் கவிழ்த்து வைத்த தட்டுகள். தட்டின் விளிம்பில் சுண்ணாம்புபோல் ஒட்டியிருந்த பாலைச் சுரண்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றினார்.

எனக்கு ஒரு வேலை பாக்கியிருந்தது. விளக்கு இருந்த அறையின் சன்னல் தோட்டத்தைப் பார்த்தபடி இருந்தது. ஒற்றைத் திரி பெரிய வெளிச்சமில்லைதான். ஆனால் எல்லாம் இருட்டாக இருக்கும்போது அதுவும் வெளியே தெரியும்.

"வெளக்கு எரியட்டும் அக்கா. சன்னல மட்டும் ஒரு போர்வையக் கெட்டி மறைச்சிரட்டா?" என்று சரோஜம் அக்காவிடம் கேட்டேன்.

அவர் யோசித்தார். "மறைச்சா அவியளுக்கு எப்பிடித் தெரியும்?"

"இந்த வீட்ட யாரு கெட்டினது?"

"அவியதான்."

"கெட்டினவியளுக்கு சன்னலு அடைச்சிருந்தா வாசல் எங்கன இருக்குன்னு தெரியாதா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. "தெரியும். திறவுகோல மறந்துட்டுப் போயிட்டு, அடுக்களை வாசல் வழியாட்டு ஏறி வாற ஆளாக்கும்" என்றார். போர்வையை அவரே எடுத்துத் தந்தார். வாசலை முழுக்க அடைக்க வேண்டாம், ஒருச்சாய்த்து வைத்தால் போதும் என்றார். ஒப்புக்கொண்டேன்.

அந்திக்கு மழை வந்தது. கொஞ்ச நேரம் அடித்துப் பெய்து, பிறகு தூறலாயிற்று. வீட்டில் எல்லாரும் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் சொல்லியிருந்ததால் அங்கேயும் வெளிச்சமில்லை. உள்ளறையில் அந்த ஒரு திரி மட்டும். தோட்டத்தின் கோடியில் அனிலின் வெளிச்சம் மரங்களுக்கு நடுவே வெள்ளையாகத் தெரிந்தது. தூறல் நின்றதும் வண்டு கிளம்பியது. சருகில் தூற்றல் விழுவதுபோல் ஒரு சத்தம். அது வீட்டைத் தாண்டி அந்தப் பக்கமாகப் போவதைக் காதால் கேட்க முடிந்தது.

ஒன்றுகூட வரவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். கொஞ்சம் வந்தது. அஜிதா நசுக்காமல் விளக்குமாற்றால் ஒரு தகரத்தில் தள்ளி மூடினாள். முன்பே வந்து ஓட்டுக்கடியில் ஒண்டியிருந்ததை மறுநாள் பகலில் வந்து வாரி எடுப்பதாகச் சொன்னோம். அவள் தலையாட்டினாள். அடுக்கிய பெட்டியைத் திறந்து குழந்தையின் போர்வையை வெளியே எடுத்தாள். குழந்தை அவள் தோளில் தூங்கியது. குப்பிகள் திண்டில் பிரிக்காமலே இருந்தன.

அனில் மட்டும் வீட்டில் இல்லை. வயரில் கை வைக்காதே என்று தாசன் எச்சரித்துவிட்டு வந்தும், தார்ப்பாய் காற்றில் பறந்துவிடும் என்று சொல்லி மழை முழுக்க அந்தக் கோடியிலேயே நின்றிருந்தார். வண்டு ஓய்ந்தபிறகு இருட்டில் நடந்து வந்து முற்றத்தில் ஏறினார். தாசன் டார்ச்சைக் கையால் மறைத்துத் தாழ்வாக அடித்தார். தலைமுடி, கழுத்து, சட்டை எங்கும் கறுப்பாக வண்டு அப்பியிருந்தது. அப்படியே உள்ளே போய்விடப் போகிறாரே என்று நான் வாயைத் திறப்பதற்குள், உள்ளறையிலிருந்து சரோஜம் அக்கா எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார். முந்தின நாள் அந்தியிலிருந்து மகனிடம் ஒரு வார்த்தை பேசாதவர்.

"நில்லு மக்கா. அங்கனயே நில்லு. சட்டையக் கழத்தி ஒதறிட்டு ஏறு. ஒங்கப்பாவும் இப்பிடித்தான், தோட்டத்துல இருந்து நேரா உள்ள ஏறி வருவாவ. நான் கெடந்து கத்தணும்."

அனில் சட்டையைக் கழற்றினார். உதறவில்லை. அதை முகத்தில் பொத்திக்கொள்ளப் போனவரை அம்மா கையைப் பிடித்துத் தடுத்து, சட்டையை வாங்கி, முற்றத்தில் இறங்கி உதறினார். முந்தானையால் மகன் தலையைத் தட்டிவிட்டார், கழுத்தைத் தட்டிவிட்டார். அவ்வளவு பெரிய மனிதர் நின்ற இடத்தில் விம்மி விம்மி அழுதார்.

"அப்பா முகத்த நான் பாக்கல்லியே அம்மா."

"நான் பாத்தேன் மக்கா. ஒறங்குகது போலத்தான் கெடந்தாவ" என்றார் சரோஜம் அக்கா. பிறகு கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், தலைமாட்டில் இருந்த எண்ணெய்க் குப்பியை எடுத்து மகன் கையில் கொடுத்தார்.

"எண்ண கொறஞ்சிருக்கு. நீ விடு."